சிம்மக்கல்லில் ஒரு கிலோ

மதுரை சிம்மக்கல் கடைத்தெருவில் எடை போடும் கருவிகள் இரு வகை. இருதட்டுத் தராசு பொருளைப் படிக்கல்லோடு ஒப்பிடுகிறது. புவி இரண்டையும் ஒரே அளவில் இழுப்பதால் எந்த ஊரிலும் அதன் முடிவு மாறாது. மின்னணுத் தராசு அப்படியன்று. தட்டுக்கு அடியிலுள்ள உலோகக் கட்டை சுமையால் எவ்வளவு வளைகிறது என்பதையே அது அறிகிறது. அது உணர்வது எடை, அதாவது புவியின் இழுவிசை. திரையில் காட்டுவதோ நிறை. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் செல்ல, அவ்விடத்தின் புவியீர்ப்பு முடுக்கம் இடையில் வந்தாக வேண்டும்.

பள்ளியில் அதை 9.8 மீ/விநாடி² என்று படித்தோம். கடல்மட்டத்தில் நிலநடுக்கோட்டருகே அது 9.780, துருவங்களில் 9.832. புவியின் சுழற்சியும் நடுப்பகுதிப் புடைப்பும் இதற்குக் காரணம். மதுரைக்கு ஏறத்தாழ 9.78, டெல்லிக்கு 9.79. ஆயிரத்தில் ஒரு பங்கு வேறுபாடு. டெல்லியில் சரிசெய்த மின்னணுத் தராசை அப்படியே இங்கு கொண்டுவந்தால் ஒரு கிலோ 999 கிராமாகத் தெரியும். மளிகைக்கு இது பொருட்டல்ல. தெற்காவணி மூலவீதி நகைக்கடைக்குப் பொருட்டு. ஆகவேதான் தராசைப் பயன்படும் ஊரிலேயே தர எடைக்கற்களால் சரிபார்த்து முத்திரையிட வேண்டியிருக்கிறது. 1901இல் பன்னாட்டு மாநாடு அறிவித்த 9.80665 ஓர் உடன்பாட்டு எண். மதுரையின் மதிப்பு அன்று.

எடைக்கல்லே போதுமென்றால் முடுக்கத்தின் மதிப்பு எதற்கு? விசைமானி, அழுத்தமானிகளைச் சரிபார்க்கும் ஆய்வகங்கள் தெரிந்த நிறையை ஏற்றித்தான் விசையை உண்டாக்குகின்றன. அங்கே அந்த எண்ணே அடிப்படை.

அதைத் தமிழ்நாட்டில் தேடியவர்களுள் முன்னோடி ஜான் கோல்டிங்காம். 1821இல் சென்னை வானாய்வு நிலையத்தில் கேட்டர் என்பவர் வடிவமைத்த ஊசலை ஆட்டிப் பார்த்தார். ஒரு வீச்சுக்கு ஒரு விநாடி எடுக்கும் விநாடி ஊசல், சென்னையில் லண்டனில் இருப்பதைவிட ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் குட்டை; அங்கே முடுக்கம் குறைவு என்பதே இதன் பொருள். 20ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியின் போட்ஸ்டாமில் ஊசலால் கண்ட மதிப்பை உலகமே ஆதாரமாகக் கொண்டது. அது 0.00014 அளவுக்கு மிகை என்று பின்னர் தெரிந்தது; 1971ஆம் ஆண்டின் பன்னாட்டு ஈர்ப்பு வலையமைப்பு அதைத் திருத்தியது. ஆதாரப்புள்ளி பிழைத்தால், அதிலிருந்து ஒப்பிட்டுப் பெற்ற ஒவ்வோர் ஊரின் மதிப்பும் பிழைக்கும்.

இன்று ஊசலின் இடத்தில் விழும் கண்ணாடி நிற்கிறது. வெற்றிடக் குழாயில் ஒரு மூலைப் பிரதிபலிப்பான் சுமார் 20 சென்டிமீட்டர் விழும். ஒரு விநாடியில் ஐந்தில் ஒரு பங்குதான். அதில் பட்டுத் திரும்பும் லேசர் ஒளி, அசையாக் கண்ணாடியிலிருந்து வரும் ஒளியோடு கலக்க, பட்டைகள் தோன்றித் தோன்றி மறையும். கண்ணாடி அரை அலைநீளம் இறங்கினால் ஒரு பட்டை. அவற்றை எண்ணினால் தொலைவு. அணுக்கடிகாரத்தோடு சேர்த்து எண்ணினால் நேரம். இரண்டும் கிடைத்தபின் முடுக்கத்துக்கென்று அலமாரியில் பூட்டிவைத்த முன்மாதிரி தேவையில்லை. மீட்டரும் விநாடியுமே அதன் மூலம்.

இவ்வளவு நுட்பம் வந்ததும் எண் அசையத் தொடங்குகிறது. கருவியை ஒரு சென்டிமீட்டர் உயர்த்தினாலும் மதிப்பு குறையும்; நிலவும் சூரியனும் நாள்தோறும் அதை ஏற்றி இறக்கும். வைகையில் வெள்ளம் வந்து நிலத்தடி நீர் ஒரு மீட்டர் உயர்ந்தால்கூட அதன் கூடுதல் இழுப்பை இக்கருவி உணர முடியும். எனவே இடம், உயரம், நாள் குறிக்காத மதிப்பு முழுமையற்றது. தேசிய ஆய்வகங்களின் கருவிகளைச் சோதிக்க மேலான கருவி எதுவும் கிடையாது. அதனால் 1981 முதல் பாரிஸ் அருகே செவ்ரேயில் அவற்றை ஒரே கூரையின் கீழ் வைத்து ஒன்றோடொன்று ஒப்பிட்டார்கள். பின்னர் லக்சம்பர்க் முதலிய இடங்களில் அப்பணி தொடர்ந்தது.