முதியோரின் திறவுகோலும் நமது அமானிதமும்



நம் வீட்டுப் பெரியவர்களிடம் முன்பெல்லாம் ஒரு சாவிக்கொத்து இருக்கும். உம்மா அதை முந்தானையில் முடிந்து வைத்திருப்பார்கள். வாப்பாவின் சாவி இடுப்பில் கட்டிய பச்சை பெல்ட்டின் பைக்குள் இருக்கும். வீட்டுப் பத்திரமும் நகையும் ரொக்கமும் இருந்த பெட்டியை அவர்களைக் கேட்காமல் யாரும் திறந்ததில்லை. அந்தச் சாவி அவர்களுடைய கண்ணியத்தின் அடையாளமாகவும் இருந்தது.

இன்று அந்தப் பெட்டி செல்போனுக்குள் போய்விட்டது. பென்ஷன், வங்கிக் கணக்கு, காஸ் பதிவு, மின்கட்டணம், வெளிநாட்டிலிருக்கும் மகன் அனுப்பும் பணம், பேரப்பிள்ளையின் முகம் எல்லாம் அதற்குள்தான் இருக்கின்றன. அதைத் திறக்கும் சாவிக்குப் பாஸ்வேர்டு என்றும், பின் நம்பர் என்றும், ஓ.டி.பி. என்றும் பெயர். கண் மங்கி, விரல் நடுங்கும் வயதில் ஒரு பெரியவர் அந்தப் போனை நம்மிடம் நீட்டி, "நீயே பார்த்துக்கொள், வாப்பா" என்கிறார். அந்த நொடியில் நம் கைக்கு வருவது வெறும் கருவி அல்ல. அமானிதம் என்பதை நாம் உணர வேண்டும்.

அமானிதம் எத்தகையது என்பதை ஹிஜ்ரத்தின் இரவு நமக்குக் கற்றுத் தருகிறது. கி.பி. 622ஆம் ஆண்டு, நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் உயிருக்கே குறி வைத்திருந்தார்கள் மக்கத்துக் குறைஷியர். அந்த நிலையிலும் மக்காவாசிகள் நம்பி ஒப்படைத்திருந்த பொருள்கள் அண்ணலாரிடமே இருந்தன. அவற்றை உரியவர்களிடம் சேர்ப்பிப்பதற்காக ஹழ்ரத் அலீ (ரலி) அவர்களை மக்காவில் விட்டுவிட்டே நாயகம் (ஸல்) அவர்கள் புறப்பட்டார்கள். பகைவரின் பொருளுக்கே அவ்வளவு பேணுதல் என்றால், பெற்று வளர்த்தவர்களின் பொருளை நாம் எவ்வளவு பேண வேண்டும்! அமானிதங்களை உரியவர்களிடம் ஒப்படைக்குமாறு சூரத்துன் நிஸாவின் 58ஆம் வசனத்தில் அல்லாஹ் ஏவியிருக்கிறான்.

தூத்துக்குடிக்கு வடமேற்கே கரிசல் காட்டிலே உள்ள ஓட்டப்பிடாரத்து மக்களுக்கு நம்பிக்கையின் மதிப்பைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அவ்வூரில் 1872இல் பிறந்த வ.உ. சிதம்பரனார் 1906இல் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கியபோது, ஹாஜி முகம்மது பக்கீர் சேட் அவர்கள் 2 லட்சம் ரூபாய்க்கு 8,000 பங்குகளை வாங்கினார்கள். பிறர் பொருளை நம்பிப் பெறுவதும், தம் பொருளை நம்பிக் கொடுப்பதும் அந்த மண்ணுக்குப் பழகிய காரியங்கள்.

அதே கரையோரத்து முத்துக்குளிப்பையும் நினைத்துப் பாருங்கள். 1961இல் தூத்துக்குடியில் நடந்த முத்துக்குளிப்போடு அந்தத் தொழில் ஓய்ந்துவிட்டது. ஆனால் அதன் முறை இன்னும் பேசப்படுகிறது. கல்லைப் பற்றிக்கொண்டு ஒருவர் ஆழத்தில் இறங்குவார். மற்றொருவர் தோணியில் நின்று கயிற்றைப் பிடித்திருப்பார். மச்சான்மாரை நம்பித்தான் அந்தக் கயிற்றைக் கொடுப்பார்கள் என்று கடற்கரையில் சொல்வார்கள். கீழே இருப்பவர் கயிற்றை அசைத்ததும் மேலே இருப்பவர் இழுக்க வேண்டும். கண்ணயரவும் கூடாது, தன் இஷ்டத்துக்கு இழுக்கவும் கூடாது. முதியவரின் போனைத் தொடும் மகனும் மகளும் பேரனும் அந்தக் கயிற்றைப் பிடிப்பவரைப் போன்றவர்களே. அவர்கள் அழைக்கும்போது உதவ வேண்டும். அவர்களுக்குப் பதிலாக நாமே எஜமானர் ஆகிவிடக் கூடாது.

இந்த உதவி முதலில் நாவிலிருந்து தொடங்குகிறது. முதுமையடைந்த பெற்றோரிடம் 'சீ' என்றுகூடச் சொல்லாதே, கண்ணியமாகப் பேசு என்று சூரத்து பனீ இஸ்ராயீலின் 23ஆம் வசனம் கட்டளையிடுகிறது. "நேற்றுத்தானே சொல்லிக் கொடுத்தேன், அதற்குள் மறந்துவிட்டதா?" என்று எரிந்து விழும்போது அந்தக் கட்டளையை நாம் எங்கே வைத்தோம்? நாம் எழுத்துக்கூட்டிப் படித்த வயதில் 'அலிஃப், பே' என்பதை எத்தனை முறை திரும்பத் திரும்பச் சொல்லித் தந்திருப்பார்கள்! அவர்கள் பத்து முறை கேட்டால் பதினோராவது முறையும் முகம் கோணாமல் சொல்லித் தருவதே நம் கடமை.

இதில் மறுமையின் நன்மை மட்டுமல்ல, இம்மையின் பாதுகாப்பும் இருக்கிறது. மோசடிக்காரன் போனில் முதியவரை மிரட்டும்போது, "இதை யாரிடமும் சொல்லாதே" என்றுதான் முதலில் சொல்கிறான். போலீஸ் அதிகாரி போலவும் நீதிபதி போலவும் வேடமிட்டு, 'டிஜிட்டல் அரெஸ்ட்' என்று பயமுறுத்துகிறான். நம் நாட்டுச் சட்டத்தில் அப்படியொரு கைதே கிடையாது. ஆனால் வீட்டில் ஏச்சு விழும் என்று அஞ்சும் பெரியவர் நடந்ததை மறைத்துவிடுகிறார். மறைக்கும் ஒவ்வொரு மணி நேரமும் பணம் கைமாறிக்கொண்டே போகிறது. உடனே 1930 என்ற எண்ணுக்கும் வங்கிக்கும் தெரிவித்தால் பணத்தைத் தடுத்து நிறுத்த வாய்ப்பு உண்டு. ரகசிய எண்ணைத் தாமே பிறரிடம் சொல்லிவிட்டவர், வங்கிக்குத் தெரிவிக்கும் வரை ஏற்படும் நஷ்டத்தைத் தாமே ஏற்க வேண்டும் என்று 2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி நெறி வகுத்தது. ஆகவே, "என்ன நடந்தாலும் பயப்படாமல் என்னிடம் சொல்லுங்கள், நான் கோபப்பட மாட்டேன்" என்று நாம் சொல்லி வைக்கும் ஒரு வார்த்தை, எந்தப் பூட்டையும் விட அவர்களுக்குப் பெரிய காவல்.

இனி, உதவும் முறையைப் பார்ப்போம்.

போனைப் பிடுங்கிக்கொண்டு நாமே அழுத்தாமல், பக்கத்தில் அமர்ந்து அவர்கள் கையாலேயே அழுத்தச் செய்ய வேண்டும். பாஸ்வேர்டை அவர்களே தேர்ந்தெடுக்கட்டும். பிறந்த வருடமும் பேரன் பெயரும் எவரும் ஊகிக்கக் கூடியவை. தொடர்பில்லாத நாலைந்து சொற்களைச் சேர்த்து நீளமாக வைத்தால் அவர்களுக்கு நினைவில் நிற்கும். பிறருக்கு ஊகிப்பது கடினம். எல்லாவற்றுக்கும் ஒரே பாஸ்வேர்டை வைக்கக் கூடாது. ஒன்று திருடு போனால் எல்லாம் போய்விடும்.

நினைவில் நிற்காதவற்றை ஒரு சிறு நோட்டில் எழுதிப் பெட்டியில் பூட்டி வைப்பதில் தவறில்லை. கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கச் சொன்ன மார்க்கம் நம்முடையது. ஆனால் ஏ.டி.எம். கார்டின் உறையிலேயே அதன் பின் நம்பரை எழுதி வைப்பது, பூட்டிலேயே சாவியைத் தொங்கவிடுவதாகும். அந்த நோட்டின் சாவியும் அவர்களிடமே இருக்கட்டும்.

வங்கிக் கணக்கில் அவர்களுடைய செல் நம்பரே இருக்க வேண்டும். வசதிக்காக நம் நம்பரைப் போட்டுவிட்டால், அவர்கள் பணத்தைப் பற்றிய செய்தி அவர்களுக்கே வராமல் போகும். ரீசார்ஜ் செய்யாமல் விட்டு நிறுத்தப்பட்ட நம்பர், 90 நாட்கள் கழிந்தபின் வேறொருவருக்குக் கொடுக்கப்படலாம், அப்போது ஓ.டி.பி.யும் அவருக்கே போகும். எனவே அவர்களுடைய நம்பர் உயிரோடு இருக்கும்படி பார்த்துக்கொள்வதும் ஒரு கித்மத்து. 2014 நவம்பரில் தொடங்கிய 'ஜீவன் பிரமாண்' திட்டத்தினால் பென்ஷன்காரர் அலுவலகத்துக்கு நடக்காமல் வீட்டிலிருந்தே வாழ்வுச் சான்று கொடுக்க முடிகிறது. ஆண்டுதோறும் அதை நினைவூட்டி முடித்துக் கொடுங்கள்.

சகோதரர்களே! சாவி தெரிந்திருப்பது வேறு; உள்ளே நுழைய அனுமதி இருப்பது வேறு. பிறர் வீட்டுக்குள் அனுமதியின்றி நுழையாதீர் என்று சூரத்துந் நூர் தடுக்கிறது. துருவித் துருவி ஆராயாதீர் என்று சூரத்துல் ஹுஜுராத் தடுக்கிறது. மின்கட்டணம் கட்டித் தரச் சொன்னால் மின்கட்டணத்தை மட்டும் கட்டிவிட்டு வெளியே வந்துவிட வேண்டும். வாட்ஸ்அப்பில் யார் என்ன எழுதினார்கள் என்று பார்ப்பது நம் வேலையல்ல. விதவையான ஒரு மகளுக்கோ, ஊரிலுள்ள ஏழைக்கோ வாப்பா மறைவாக உதவிக்கொண்டிருக்கலாம். வலக்கை கொடுப்பதை இடக்கை அறியாத தர்மத்தை நாயகம் (ஸல்) அவர்கள் சிறப்பித்திருக்கிறார்கள். "அவளுக்கு ஏன் ஐயாயிரம் அனுப்பினீர்கள்?" என்று பாஸ்வேர்டு தெரிந்த மகன் கணக்குக் கேட்கத் தொடங்கினால், அந்த தர்மத்தின் மறைவையும் கெடுக்கிறான், வாப்பாவின் மனத்தையும் உடைக்கிறான். பொருள் அவர்களுடையது, கொடுக்கும் உரிமையும் அவர்களுடையது.

புத்தி தளர்ந்து, தாமாக எதையும் முடிவு செய்ய இயலாத நிலை வந்தால் என்ன செய்வது? கடனை எழுதும் முறையைக் கூறும் சூரத்துல் பகராவின் 282ஆம் வசனம் இதற்கும் வழி காட்டுகிறது. எழுதச் சொல்ல இயலாதவருக்காக அவருடைய பொறுப்பாளர் நீதியோடு சொல்லட்டும் என்பது அதன் கருத்து. 'நீதியோடு' என்பதை நாம் கவனிக்க வேண்டும். எடுத்த ஒவ்வொரு ரூபாய்க்கும் கணக்கு எழுதி, சகோதர சகோதரிகள் எல்லோரும் பார்க்கும்படி வைப்பதே அந்த நீதி.

மவுத்துக்குப் பின்னர்தான் மெய்யான சோதனை. ஜனாஸா அடங்கிய மறுநாளே கார்டைக் கொண்டுபோய்ப் பணம் எடுப்பவர்கள் உண்டு. பின் நம்பர் தெரிந்ததனால் அந்தப் பணம் அவர்களுடையதாகிவிடாது. அடக்கச் செலவு, கடன், வஸிய்யத்து ஆகியவை போக மீதமுள்ளது வாரிசுகள் அனைவருக்கும் உரியது. சகோதரிகளின் பங்கை அல்லாஹ்வே குர்ஆனில் நிர்ணயித்துவிட்டான். நாமினியாகப் பெயர் போட்டிருப்பவரும் வங்கியிடமிருந்து பணத்தைப் பெற்றுக்கொள்ளும் உரிமை உடையவரே தவிர, அதனால் மட்டும் அதன் சொந்தக்காரர் ஆகிவிட மாட்டார் என்று 2010இல் உச்ச நீதிமன்றமும் தீர்ப்பளித்திருக்கிறது.

எனவே, பெரியவர்கள் நல்ல உடல்நலத்தோடு இருக்கும்போதே எந்தெந்த வங்கியில் கணக்கு இருக்கிறது, யாருக்குக் கடன் கொடுக்க வேண்டும், யாரிடமிருந்து வர வேண்டும் என்பதை எழுதி வைக்க உதவுங்கள். வஸிய்யத்து செய்ய ஏதேனும் உடையவர் அதை எழுதி வைக்காமல் இரண்டு இரவுகளைக் கூடக் கழிக்கலாகாது என்பது நபிமொழியின் கருத்து. பத்து ஆண்டுகள் கேட்பாரற்றுக் கிடக்கும் வைப்புத்தொகை ரிசர்வ் வங்கியின் நிதிக்குப் போய்விடுகிறது. அப்படிக் கிடப்பவற்றைத் தேடுவதற்கென 2023 ஆகஸ்டில் 'உத்கம்' என்ற தளத்தையும் அவ்வங்கி தொடங்கியது. அது போன பிறகும் கேட்டுப் பெறலாம் என்றாலும், ஒரு தாளில் எழுதி வைத்திருந்தால் அந்த அலைச்சலே இல்லை.

நாமும் ஒரு நாள் கண்ணாடியைத் தேடிக்கொண்டு, போனை யாரிடமோ நீட்டப் போகிறவர்கள்தாம். அன்று நம் பிள்ளைகள் எந்த முகத்தோடு அதை வாங்க வேண்டும் என்று விரும்புகிறோமோ, அந்த முகத்தோடு இன்று நாம் வாங்குவோமாக!

முதியோரைக் கண்ணியப்படுத்தி, அவர்கள் நம்பி ஒப்படைத்ததைப் பேணி, அதை உரியவரிடம் குறைவின்றிச் சேர்ப்பிக்கும் நற்பேற்றினை வல்ல நாயன் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.