நல்லெண்ணம் இருந்தால் பொறுப்பு நீங்கிவிடுமா?

கொல்லிமலையின் அடிவாரத்தில், திருச்சி மாவட்டம் துறையூர்ப் பகுதியில் உள்ளது புளியஞ்சோலை. மலையிலிருந்து இறங்கிவரும் ஓடையில் குளிக்க, விடுமுறை நாட்களில் மக்கள் குடும்பம் குடும்பமாக வருவார்கள். நாமும் மஹல்லா வாலிபர்கள் சிலருடன் சென்றிருந்தோம். திரும்பும்போது, மூலிகைத் தைலம் விற்ற பெரியவரிடம் நம்முடன் வந்த வாலிபர் ஒருவர் ஒரு பாட்டிலைக் கையில் எடுத்தார். "யாருக்கு பாய்?" என்றார் பெரியவர். "வீட்டிலே ஏழு மாசம். இடுப்பு வலி" என்றதும் பாட்டிலைத் திரும்ப வாங்கிக்கொண்டார். "உங்க முட்டி வலிக்குன்னா தர்றேன். மாசமா இருக்கிற பிள்ளைக்கு இது வேண்டாம்." வந்த வியாபாரத்தை இப்படி விட்டுவிடும் மனம் எத்தனை பேருக்கு வரும்?

பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது வாலிபர் மெல்ல விஷயத்தைச் சொன்னார். உறவிலே ஒரு மூதாட்டி வந்து வயிற்றை நீவி, பிள்ளையைச் 'சரியாகத் திருப்பி' வைத்து, கெண்டைக்காலையும் அழுத்தி உருவிவிடுவதாக ஏற்பாடு. மனைவி பயந்து மறுத்துவிட்டாள். "என் பேரப்பிள்ளைக்கு நான் கெடுதலா நினைப்பேன்?" என்று தாயார் அழுகிறார். "மறுத்தது குற்றமா ஹஜ்ரத்? அம்மா மனசை நோகடித்த பாவம் சேருமா?"

தாயாரின் எண்ணத்தில் நமக்குச் சந்தேகமே இல்லை. செயல்கள் எண்ணங்களைப் பொறுத்தவை என்பதை ஓதாத மதரஸா இல்லை. ஆனால் எண்ணம் நல்லதாக இருந்துவிட்டால் விளைவின் பொறுப்பும் நீங்கிவிடுமா என்பதே கேள்வி.

ஃபிக்ஹு நூல்களில் பேசப்படும் ஒரு சம்பவம் உண்டு. உமர் (ரலி) அவர்கள் ஒரு பெண்ணை விசாரணைக்காக ஆளனுப்பி அழைத்தார்கள். வரும் வழியிலேயே அச்சத்தால் அவளுக்குப் பிரசவ வேதனை கண்டு, பிறந்த குழந்தை இறந்துவிட்டது. தோழர்களில் சிலர், தாங்கள் ஒழுங்கை நிலைநாட்டுபவர், தங்கள் மீது ஒன்றுமில்லை என்றனர். அலீ (ரலி) அவர்களோ, அச்சத்தை உண்டாக்கியது தாங்கள், ஆகவே ஈட்டுத்தொகை தங்களைச் சேர்ந்தது என்றார்கள். கலீஃபா அதை ஏற்றுக்கொண்டார்கள். உமர் (ரலி) அவர்கள் அவளைத் தொடவுமில்லை, தீங்கு நாடவுமில்லை. அப்படியிருந்தும் பொறுப்பு நீங்கவில்லை. வைத்தியம் அறியாமல் வைத்தியம் செய்தவர் அதன் விளைவுக்குப் பொறுப்பாளி என்ற கருத்தில் நபிமொழியும் வந்துள்ளது. இத்தனைக்குப் பிறகும் "அந்தக் காலத்தில் செய்யவில்லையா" என்று சொல்லிக் கருவுற்ற வயிற்றில் கை வைப்பது நமக்கு வியப்பாகவே இருக்கிறது.

பிடித்துவிடுவதே கூடாது என்று நாம் சொல்லவில்லை. இதமான கையால் முதுகையும் தோளையும் பாதத்தையும் தடவினால் வலி குறையும், தூக்கமும் வரும். வயிற்றை அழுத்துவதுதான் ஆபத்து. நஞ்சுக்கொடி முன்னதாகவே பிரிந்து, உதிரம் கொட்டித் தாய்க்கும் சேய்க்கும் உயிராபத்து நேரலாம். தலைகீழாக இல்லாத குழந்தையை வெளியிலிருந்து திருப்பும் முறை மருத்துவத்திலும் உண்டு. ஆனால் அதைப் பெரும்பாலும் 36, 37 வாரங்களுக்குப் பிறகு, மருத்துவமனையில், ஸ்கேனில் பார்த்துக்கொண்டே, அவசரமானால் ஆபரேஷன் செய்ய ஆயத்தமாக இருந்துகொண்டு செய்கிறார்கள். கெண்டைக்கால் விஷயம் பலருக்குத் தெரியாது. கர்ப்பத்தில் இரத்தம் எளிதில் உறையும் தன்மை கூடுகிறது. காலில் உறைந்த கட்டி ஒன்று இருந்து, அதை அழுத்தி உருவினால், அது நகர்ந்து நுரையீரலை அடைத்துவிடலாம். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால் எண்ணெயைத் தேடாமல் டாக்டரைத் தேட வேண்டும். உதிரப்போக்கு, இரத்த அழுத்தம், தலைவலியுடன் முகவீக்கம் இருந்தாலும் அப்படியே. மாதம் ஏறிய பிறகு மல்லாந்து படுக்கவைத்து நெடுநேரம் பிடிப்பதும் கூடாது. கருப்பையின் பாரம் பெரிய இரத்தக்குழாயை அமுக்குவதால் மயக்கம் வரும். ஒருக்களித்து, முழங்கால்களுக்கிடையே தலையணை வைத்துப் படுப்பது நல்லது. எண்ணெய்க்குத் தேங்காயெண்ணெயே போதும். கற்பூரமும் காரமும் கலந்த வலித் தைலங்கள், அதிலும் என்ன சேர்ந்தது என்றே எழுதாத பாட்டில்கள், வேண்டாம்.

இன்னொன்றையும் எண்ணிப் பார்க்க வேண்டும். ரமளானின் நோன்பு ஃபர்ளு. கர்ப்பிணி தனக்கோ குழந்தைக்கோ தீங்கு வரும் என்று அஞ்சினால், அந்த ஃபர்ளையே பிற்படுத்த ஷரீஅத் அவளுக்குச் சலுகை தருகிறது. அல்லாஹ்வின் கடமையே அவளுடைய அச்சத்துக்கு இடம் தரும்போது, வீட்டு வழக்கம் இடம் தராமல் பிடிவாதம் செய்வது எந்த வகையில் சேரும்? மாமியாருக்கு மரியாதை செய்வது அழகிய பண்பு. அம்மரியாதைக்காக வயிற்றிலுள்ள அமானிதத்தை ஆபத்தில் வைக்கும்படி மார்க்கம் சொல்லவில்லை. மனைவியின் மறுப்பில் குற்றமில்லை என்றே அந்த வாலிபரிடம் சொன்னோம். ஆனால் அதைத் தாயாரிடம் எடுத்துச்சொல்லும் வேலையை மனைவியின் தலையில் கட்டக்கூடாது, அது மகனின் வேலை என்றும் சொன்னோம். டாக்டரம்மாவிடம் போகும்போது தாயாரையும் கூட அழைத்துச் செல்லட்டும். அவர் வாயாலேயே கேட்டால் வருத்தம் பாதி தீர்ந்துவிடும்.

"அப்ப இடுப்பு வலிக்கு யாரு ஹஜ்ரத் பிடிச்சுவிடறது?" என்றார்.

"அன்னியக் கை எதற்கு? டாக்டரம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு, நீங்களே தடவிவிடுங்கள்" என்றோம். கூட வந்தவர்கள் சிரித்தார்கள். பெருமானார் (ஸல்) அவர்கள் வீட்டிலிருக்கும்போது குடும்பத்தாரின் வேலைகளில் ஈடுபட்டிருந்ததை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்திருப்பதை எடுத்துச் சொன்னதும் சிரிப்பு நின்றது. துறையூர் பஸ் வந்தது. வாலிபர் ஏறுமுன் நம் காதருகே, "எவ்வளவு நேரம் தடவணும் ஹஜ்ரத்?" என்று கேட்டார்.