கருணைக்கு விதி வேண்டுமா?

உடற்குறை உடையோர்க்கு வேண்டிய உதவிகளைச் சட்டமன்ற உறுப்பினர்களிடம் சென்று கேட்பது பௌத்தர்களாகிய நமக்குத் தகுமா என்னும் வினா, பள்ளுருத்தியில் நம் அன்பர்கள் கூடிப் பேசும்போதெல்லாம் எழுகின்றது. தகாது என்போர் இரண்டு காரணங்களைக் கூறுகின்றனர். தானம் என்பது மனம் உவந்து அளிப்பது. அதனை அரசாங்கக் கட்டளையாக்கிவிட்டால் அளிப்பவனுக்குப் புண்ணியமும் இல்லை, பெறுபவனுக்கு நன்றியுணர்வும் இல்லை என்பது ஒன்று. மற்றொன்றை வெளிப்படையாகச் சொல்ல அவர்களே கூசுகின்றனர். ஆயினும் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொல்லத்தான் சொல்கின்றனர். அவனவன் செய்த வினையை அவனவன் அனுபவிக்கின்றான், அதற்குச் சட்டசபை என்ன செய்யும் என்பதே அது.

இரண்டாவதையே முதலில் எடுத்துக்கொள்வோம், கொடியது அதுவே. நம் பாட்டனும் முப்பாட்டனும் இச்சொல்லைக் கேட்டே வளர்ந்தனர். ஊருக்குப் புறத்தே குடியிருக்க வைத்ததற்கும், பொதுக்கிணற்றில் நீர் எடுக்க விடாததற்கும், பள்ளிக்கூடத்தில் தள்ளி உட்கார வைத்ததற்கும் முற்பிறப்பின் பாவமே காரணம் என்று சொல்லப்பட்டது. அச்சொல்லின் பிடியிலிருந்து விடுபடவே நாம் மும்மணிகளைச் சரண் புகுந்தோம். விடுபட்டு வந்த நாமே பக்கத்து வீட்டில் கண்பார்வையின்றிப் பிறந்த குழந்தையை நோக்கி அதே சொல்லை எறிவோமாயின், மதம் மாறியது பெயரளவிற்கே என்று பிறர் நகைக்கும்போது என்ன மறுமொழி கூறுவோம்?

பகவான் புத்தர் இவ்வாறு போதித்தாரில்லை. மோலிய சீவகன் என்னும் பரிவிராசகன் அவரிடம் வந்து, மனிதன் நுகரும் இன்பதுன்பங்கள் யாவும் முன்செய்த வினையின் பயனே என்று சிலர் கூறுவது மெய்யோ என வினவினான். பகவான் அதனை ஒப்பவில்லை. பித்தம், சிலேட்டுமம், வாதம், இம்மூன்றின் கலப்பு, பருவ மாறுதல், ஒழுங்கற்ற பராமரிப்பு, பிறர் தாக்குதல், வினை என எட்டுக் காரணங்களை எடுத்துரைத்தார். எட்டில் ஒன்றே வினை. சங்யுத்த நிகாயத்தில் உள்ள இச்செய்தியை நம் வீடுதோறும் எடுத்துச் சொல்லுதல் வேண்டும். இளம்பிள்ளைவாதத்தை நினைத்துப் பாருங்கள். ஆண்டுதோறும் பல்லாயிரம் குழந்தைகளின் கால்களை முடக்கிய அந்நோய், 2011 ஜனவரியில் மேற்கு வங்காளத்து ஹௌரா மாவட்டத்துக் குழந்தை ஒன்றோடு நம் நாட்டில் நின்றது. 2014 மார்ச்சில் உலக சுகாதார நிறுவனம் அதற்குச் சான்றும் வழங்கியது. அதற்குப் பின் பிறந்த குழந்தைகள் எல்லாரும் முற்பிறப்பில் புண்ணியம் செய்தவர்களோ? சொட்டு மருந்து கொடுத்தார்கள், கால்கள் பிழைத்தன.

நிற்க, தானத்தைப் பற்றிய தடைக்கு வருவோம். இது நல்லெண்ணத்தோடு கூறப்படுவது. ஆதலால் நிதானமாக ஆராய்தல் வேண்டும்.

விநயத்தின் மகாவக்கத்தில் ஒரு வரலாறு உண்டு. வயிற்றுப்போக்கினால் வருந்திய பிக்கு ஒருவர் தம் மலசலத்திலேயே கிடந்தார். ஆனந்தரோடு அவ்வழியே வந்த பகவான், உம்மைப் பேணுவார் இல்லையோ என்று கேட்டார். நான் மற்றப் பிக்குகளுக்கு எவ்வித உதவியும் செய்பவனல்லன், ஆகையால் அவர்களும் என்னைக் கவனிப்பதில்லை என்பது அந்த நோயாளியின் விடை. பகவான் ஆனந்தரை நீர் கொணரச் செய்து, தாம் நீர் ஊற்ற ஆனந்தர் கழுவ, இருவருமாகத் தூக்கிப் படுக்கையிற் கிடத்தினர். இதுவரையில் நாம் எல்லோரும் அறிவோம். படத்திலும் வரைந்து மாட்டியிருக்கின்றோம். அதன் பின் நடந்ததைத்தான் மறந்துவிடுகின்றோம். பகவான் அத்துடன் போய்விடவில்லை. சங்கத்தைக் கூட்டினார். நோயுற்றவருக்கு ஆசிரியர் இருந்தால் ஆசிரியரும், மாணவர் இருந்தால் மாணவரும், ஒருவரும் இல்லையாயின் சங்கமே பொறுப்பேற்றுப் பேணுதல் வேண்டும் என்று விதித்தார். பேணாவிட்டால் குற்றம் என்றும் விதித்தார். இரக்கம் உள்ளவர் அவ்வழியே வருவார் என்று நோயாளியைக் காத்திருக்க விடாமல், வராவிட்டாலும் அவர் நீரின்றிக் கிடவாதபடி ஏற்பாடு செய்தார். இதற்குப் பெயர் சட்டம் அன்றி வேறென்ன?

பேணியவரையும் அவர் மறக்கவில்லை. இறந்துபோன பிக்குவின் மூன்று சீவரங்களையும் பாத்திரத்தையும், அவரை நோயிற் பேணியவர்களுக்குச் சங்கம் அளிக்கலாம் என அனுமதித்தார். ஒன்றுமற்ற துறவியரிடையே கொடுக்கத்தக்க பொருள் அவ்வளவே. அதனைப் பராமரித்தவருக்கே ஒதுக்கியதனால் அவருடைய உழைப்பும் உழைப்பே என்று ஒப்பியதாயிற்று.

அந்த நோயாளி சொன்ன விடையை மீண்டும் பாருங்கள். பயன் செய்தவனுக்கே பராமரிப்பு என்பது அவர் எண்ணம். இன்றைய உலகத்தின் எண்ணமும் அதுவே. நாம் ஆலையிற் பணிபுரிந்த காலத்தில் 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டத்தை எழுத்துக்கூட்டிப் படித்ததுண்டு. அதன் அட்டவணையில் ஒவ்வோர் உறுப்புக்கும் ஒரு கணக்கு. பெருவிரல் போனால் நூற்றுக்கு 30 பங்கு. ஒரு கையின் நான்கு விரல்களும் போனால் 50 பங்கு. அத்தொகையைப் பெற்ற தொழிலாளியைப் பிச்சைக்காரன் என்று எவரும் சொன்னதில்லை. கொடுத்த முதலாளியைப் புண்ணியவான் என்றும் சொன்னதில்லை. ஆனால் அட்டவணை அளந்தது இழந்த கூலியையே. பிறவியிலேயே கால் முடங்கி ஒருநாளும் கூலி வாங்காதவன் அதில் எவ்விடத்தும் இல்லை. அவனுக்குக் கிடைத்ததெல்லாம் தானம். விரல் போனவனுக்கு உரிமை, கையே வராமற் பிறந்தவனுக்குப் பிச்சை என்னும் இந்நீதியை எவ்வாறு ஏற்பது?

பாபாசாகேப் அம்பேத்கர் தலைமையேற்ற குழு வரைந்த அரசியலமைப்பின் 41ஆம் உறுப்பு, முதுமை, நோய், உடற்குறை ஆகியவற்றில் அரசு பொது உதவி அளித்தல் வேண்டும் என்று கூறுகின்றது. அரசின் பொருளாதார வலிமைக்கு உட்பட்டு என்னும் சொற்களும் உடன் உள்ளன. பணமில்லை என்று சொல்ல விரும்புவோருக்கு அச்சொற்கள் மிகவும் பிடித்தமானவை. உடற்குறை உடையோரின் துயர் துடைத்தல் ஏழாம் அட்டவணையில் மாநிலப் பட்டியலின் 9ஆம் இனம். ஆகவே தில்லியை நோக்கிக் கை காட்டுபவரிடம், திருவனந்தபுரத்தின் கடமையும் எழுதப்பட்டிருக்கின்றது என்று நாம் எடுத்துக் காட்டலாம்.

1995 டிசம்பரில் ஜாவேத் அபிதி முதலானோர் தில்லித் தெருவில் சக்கர நாற்காலிகளோடும் ஊன்றுகோல்களோடும் இறங்கினர். அம்மாதமே நாடாளுமன்றம் முதற்சட்டத்தை நிறைவேற்றியது. அதனிடத்தில் வந்த 2016ஆம் ஆண்டுச் சட்டம் குறைபாடுகளின் வகையை ஏழிலிருந்து 21 ஆக விரித்தது. அதன் 24ஆம் பிரிவை நாம் மனப்பாடம் செய்தல் வேண்டும். பிறருக்கு அளிக்கும் உதவித்தொகையினும் உடற்குறை உடையோர்க்கு நூற்றுக்கு 25 பங்காவது மிகுதியாக அளித்தல் வேண்டும் என்கின்றது அது. கேரளத்தில் முதியோருக்கும் கைம்பெண்களுக்கும் உடற்குறை உடையோருக்கும் ஒரே தொகையே வகுக்கப்பட்டது. 2021 முதல் 1600 ரூபாய், 2025 நவம்பர் முதல் 2000 ரூபாய். அந்த 25 பங்கு எங்கே என்று கேட்பது இரத்தல் ஆகாது. கணக்குக் கேட்டல் ஆகும்.

தொகையைக் காட்டிலும் பெரிய குறை ஒன்று உண்டு. நாம் செல்லும் வீடுகளில் காண்பது இது: வளர்ந்த மகனைத் தூக்கிக் குளிப்பாட்டும் தாய். மகனின் எடை கூடுகின்றது. தாயின் வலிமை குறைகின்றது. முன்பு இறால் தோலுரிக்கும் கொட்டகைக்குச் சென்று நாலு காசு பார்த்தவள், இப்பொழுது அரை நாழிகைகூட வெளியேற இயலாது. அவளுக்குக் காய்ச்சல் வந்தால் இருவரும் கிடக்க வேண்டியதே. நான் போனபின் இவனை யார் பார்ப்பார் என்று அவள் கேட்கும்போது, ததாகதர் பார்ப்பார் என்று சொல்ல நமக்கு நா எழவில்லை. அவளுக்கு வேண்டியது ஓர் ஆள். பயிற்சி பெற்று, ஊதியம் பெற்று, நாளும் சில மணி நேரம் வந்து துணை நிற்கும் ஆள். மிகுந்த உதவி தேவைப்படுவோர் அதற்கு விண்ணப்பிக்கலாம் என 38ஆம் பிரிவு கூறுகின்றது. பராமரிப்போருக்கென்று கேரளத்தில் ஆசுவாசகிரணம் என்னும் திட்டம் ஏற்பட்டது; மாதம் 600 ரூபாய் என வகுக்கப்பட்டது. அதாவது ஒரு நாளைக்கு 20 ரூபாய். அதுவும் பலகாலம் பாக்கி நின்றது. சீவரமும் பாத்திரமும் பராமரித்தவருக்கே என்று விதித்தவரின் வழிவந்த நாம், இதைக் கண்டு வாளாவிருத்தல் முறையன்று.

கேட்பவர் யாராக இருத்தல் வேண்டும் என்பது அடுத்த வினா. ஒரு செய்தியை நாம் மறைக்கப் போவதில்லை. நோயாளியைப் பேணுமாறு விதித்த அதே மகாவக்கத்தில், கையற்றோர், முடவர், குருடர், செவிடர் முதலானோருக்குத் துறவு கொடுக்கலாகாது என்னும் விதியும் காணப்படுகின்றது. பிக்ஷைக்கு நடந்து திரியும் கடின வாழ்வைக் கருதி வகுத்தது என்று விளக்கம் கூறுவோர் உளர், இருக்கலாம். ஆயினும் அவ்விதியின் கீழ் வருவோர் அவ்வவையில் அமர்ந்து தம் வாயால் பேசியிருந்தால், விதி அப்படியே நின்றிருக்குமோ என்று எண்ணாதிருக்க நம்மால் இயலவில்லை.

இக்கொச்சியின் வரலாறு இதற்குத் துணை. 1913இல் புலையர் மக்கள் கூடிப் பேசத் தரையில் இடம் கிடைக்கவில்லை. காயலில் வள்ளங்களை ஒன்றோடொன்று பிணைத்து, அதன்மேல் கூட்டம் நடத்தினர். அதற்குத் துணைநின்ற பண்டிதர் கருப்பன் 1925இல் கொச்சிச் சட்டசபைக்குத் தாழ்த்தப்பட்டோரின் பிரதிநிதியாக நியமிக்கப்பட்டார். அவர் அரயர் குலத்தவர். புலையருக்காகப் பேசினார், நன்றாகவே பேசினார். எனினும் பின்னர் பி. சி. சாஞ்சன் அவ்வவையில் அமர்ந்தபோதுதான் அம்மக்கள் தம் குரலைத் தாமே கேட்டனர். 1925க்குச் சரியாக நூறு ஆண்டு கழித்து, 2025 ஏப்ரலில், தமிழ்நாட்டுச் சட்டமன்றம் உள்ளாட்சி மன்றங்கள் அனைத்திலும் மாற்றுத் திறனாளிகளை உறுப்பினராக நியமிக்கச் சட்டத் திருத்தம் செய்தது. கிராம ஊராட்சிகளிலும் தலைக்கு ஒருவர். மாற்றுத் திறனாளி என்னும் பெயர் அங்கு அரசு வழக்கில் வந்தது 2010இல். பெயரை மாற்றுவது எளிது, நாற்காலி கிடைக்க மேலும் பதினைந்து ஆண்டு ஆயிற்று.

கேரளத்திலும் இதனைக் கேட்டல் வேண்டும். ஆகையால் நம் மனுவை நாமே எழுதிக் கொண்டுபோய்க் கொடுப்பது போதாது. நம் தெருக்களில் உள்ள மாற்றுத் திறனாளிகளும், பேச இயலாதோருக்காக அவர்தம் தாய்மாரும் கூடி, தாம் கேட்பது யாதெனத் தாமே சொல்லட்டும். எழுதத் தெரிந்தவர் அதனைத் திருத்தாமல் எழுதட்டும். பள்ளுருத்தி என்ற பெயரில் முன்பு ஒரு சட்டமன்றத் தொகுதி இருந்தது. 2011 தேர்தலோடு அப்பெயர் மறைந்தது. எனவே தத்தம் உறுப்பினர் யாரென ஒவ்வொருவரும் வாக்காளர் பட்டியலைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுதல் நலம். ஒரு படியை உறுப்பினர் கையிலும், மற்றொன்றைச் சட்டமன்றத்தின் மனுக்கள் குழுவிற்கும் அளித்தல் வேண்டும். மனு மலையாளத்தில் இருக்கட்டும். தமிழ்ப் படி ஒன்று நம்மிடம் இருக்கட்டும். தாய்மார்களுக்கு வாசித்துக் காட்ட வேண்டும்.