அன்னதான நெல் எங்கே விளைந்தது?

தைப்பூசத்துக்காகச் செட்டிநாட்டிலிருந்து பழநிக்கு நடக்கும் நகரத்தார் பாதயாத்திரையில் வழியெங்கும் அன்னதானம் நடக்கும். பெருமைக்குரிய மரபு அது. அந்தப் புண்ணியத்துக்கு ஒரு பர்மியப் பக்கமும் உண்டு.

ஐராவதி டெல்டாவில் காடு திருத்தி நெல் விளைவித்த உழவர்களுக்குக் கடன் கொடுத்தவர்களில் முக்கியமானவர்கள் நகரத்தார் எனப்படும் இதே நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள். பர்மா பெரும் அரிசி ஏற்றுமதி நாடானதில் அந்தப் பணத்துக்குப் பங்குண்டு. வணிகமும் கோயில் கொடையும் எப்படிப் பின்னிக் கிடந்தன என்பதை டேவிட் ரட்னரின் 1994ஆம் ஆண்டு ஆய்வு நூல் விரிவாகக் காட்டுகிறது.

1930களின் பெருமந்தத்தில் நெல் விலை சரிந்தது. கடன் திரும்பவில்லை, ஈட்டு நிலம் கைமாறியது. கீழ்பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் 1930இல் சுமார் 6 சதவீதமாக இருந்த செட்டியார் நிலம் 1938க்குள் 25 சதவீதத்தை எட்டியது. திட்டமிட்டுப் பறித்தார்கள் என்பது நியாயமில்லை; கொடுத்த பணத்தைத் திருப்பிக் கேட்டவர்களுக்கு வயல் வந்து சேர்ந்தது. ஆனால் உழவன் நிலமிழந்தான்.

கொடையின் தூய்மை கொடுப்பவர் மனத்தோடு முடிகிறதா, நெல் விளைந்த வயல்வரை போகிறதா? உண்டவரின் பசி ஆறியது நிஜம். அதைக் குறைத்துப் பேச முடியாது. ஆனாலும் ஈகையைப் போற்றிய வள்ளுவரே, பொருள் வரும் வழி நேர்மையாக இருக்க வேண்டுமென்றும் வற்புறுத்துகிறார். 1985இல் செட்டிநாட்டின் காரைக்குடியில் தொடங்கிய அழகப்பா பல்கலைக்கழகம், பர்மிய உழவனின் தரப்பையும் சேர்த்து இந்தக் கேள்வியை ஆராய மிகப் பொருத்தமான இடம்.