குடியுரிமையும் வகாலத்தும்

வழக்குரைஞரை நம் மக்கள் இன்றும் வக்கீல் என்றே அழைக்கின்றனர். அரபு மொழியின் 'வகீல்' என்னும் சொல்லே அவ்வாறு தமிழில் வழங்குகிறது. தம் காரியத்தைத் தாமே முடித்துக்கொள்ள இயலாத ஒருவர் அதனை எவரிடம் ஒப்படைக்கிறாரோ அவரே வகீல். வகாலத்து, தவக்குல் ஆகிய சொற்களும் அதே வேரில் கிளைத்தவை. ஒப்படைக்கப்பட்ட பொருளை அமானிதம் என்கிறோம். அமானிதத்தைப் பேணுவது கடமை. அதனை உபகாரம் என்று எவரும் சொல்வதில்லை.

இச்சொல்லைத் துணைக்கொண்டு ஒரு வினாவை வாசகர்முன் வைக்கின்றோம். ஒரு நாட்டில் நெடுங்காலம் உழைத்து, மக்களைப் பெற்று, தம் முன்னோரை அம்மண்ணிலேயே அடக்கம் செய்த ஒருவர், அந்நாட்டின் குடியாக வேண்டி விண்ணப்பிக்கின்றார். எழுத்தறிவோ, பொருளோ, சட்ட அறிவோ அவரிடம் இல்லை. அவருக்குச் சட்டத்துணை நல்குவது ஈகையா, கடனா? ஈகையெனில், செய்தாருக்குப் புகழுண்டு, செய்யாதார்க்குப் பழியில்லை. கடனெனில், வாளாவிருந்தவர் பதில் சொல்லியாக வேண்டும்.

இது நமக்குத் தொலைவான வினாவன்று. நம் குப்பனூரிலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் பாதையின் மேலே காப்பித் தோட்டங்கள் இருக்கின்றன. 19-ஆம் நூற்றாண்டில் சேர்வராயன் மலையில் வேரூன்றிய இப்பயிர்தான், அதே நூற்றாண்டில் திருச்சி, மதுரை, சேலம் முதலான மாவட்டத்து ஏழைகளைக் கண்டி மலைகளுக்கும் இழுத்துச் சென்றது. கங்காணிமார் அவர்களைக் கூட்டங்கூட்டமாக அழைத்துச் சென்றனர். அங்கே 'துண்டு' என்றொரு சீட்டு வழங்கிற்று. இக்கூலிகளின் கடன் இவ்வளவு. அதனைத் தீர்ப்பவர் இவர்களைத் தம் தோட்டத்துக்கு அழைத்துக்கொள்ளலாம் என்பது அதன் சாரம். 1921-இல் அம்முறை ஒழிந்தது. அம்மக்கள் பட்ட கடனுக்கு எழுத்துச் சான்று இருந்தது. அவர்களுள் எத்தனையோ பேரின் பிறப்புக்கு அஃது இல்லை.

இக்குறையின் கொடுமை 1948-இல் வெளிப்பட்டது. அவ்வாண்டு இலங்கை இயற்றிய குடியுரிமைச் சட்டத்தின்படி, தாம் அங்கே பிறந்திருந்தால் மட்டும் போதாது. தந்தை பிறந்ததையும் மெய்ப்பிக்க வேண்டும். 1949-இல் இந்திய, பாகிஸ்தானிய வாசிகளுக்கென வந்த மற்றொரு சட்டம் விண்ணப்பிக்க வழி திறந்தது. ஆயின், மணமானோர் ஏழாண்டும் மணமாகாதோர் பத்தாண்டும் இடையறாது வாழ்ந்ததைக் காட்ட வேண்டும் என்றது. ஏறத்தாழ 8,25,000 பேருக்காக விண்ணப்பங்கள் சென்றன. பத்தாண்டுக்கு மேலாக நடந்த விசாரணையின் முடிவில் குடியுரிமை பெற்றோர் ஏறத்தாழ 1,34,000 பேரே. 1964-இல் சிறிமாவோ, சாஸ்திரி ஆகியோர் செய்த உடன்பாடு, 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதெனப் பங்கிட்டது.

உரிமை கோருபவரே சான்று கொணர வேண்டும் என்பது ஃபிக்ஹுக் கலையும் ஏற்ற நீதிதானே என்று கேட்கலாம். உண்மையே. ஆனால், அவ்விதியை வகுத்த அறிஞர்கள் அதனை மட்டும் வகுத்து நிறுத்தவில்லை. அநாதைக்கு வலீயை நியமித்தனர்; தாமே வழக்காட இயலாதவர்க்கு வகீலை அனுமதித்தனர்; அறிந்த சாட்சியத்தை மறைப்பது பாவம் என்றனர். சான்று கேட்கும் விதியும் துணை நிற்கும் விதியும் ஒரே தராசின் இரு தட்டுகள். ஒன்றை வைத்துக்கொண்டு மற்றொன்றை எடுத்துவிட்டால் அத்தராசில் எதனை நிறுப்பது?

2003-இல் இலங்கை இயற்றிய சட்டம் இதனைத் தெளிவாக்குகிறது. 1964 அக்டோபர் 30 முதல் அங்கே நிலையாக வாழ்ந்த இந்திய வம்சாவளியினருக்கும் அவர்தம் வழித்தோன்றல்களுக்கும் அது குடியுரிமை அளித்தது. அவ்வாண்டு டிசம்பரில், ஐக்கிய நாடுகள் அகதிகள் ஆணையமும் இலங்கைத் தொழிலாளர் காங்கிரசும் துணை நிற்க, தொண்டர்கள் தோட்டப் பகுதிகளில் அமர்ந்து படிவங்களை நிரப்பிக் கொடுத்தனர். பத்தே நாளில் ஏறத்தாழ 1,90,000 பேர் குடிகளாயினர். அதே மலை, அதே மக்கள்! சட்டம் நேர்மையாகி, துணையும் வாசலுக்கு வந்தபோது, அரை நூற்றாண்டுத் துயரம் பத்து நாளில் தீர்ந்தது.

இனி நம் நாட்டைக் காண்போம். 1983-க்குப் பின் இலங்கையிலிருந்து படகேறி வந்தோர் நம் சேலம் மாவட்டம் உட்படத் தமிழகமெங்கும் முகாம்களில் தங்கினர். அம்முகாம்களுக்கு 2021-இல் மறுவாழ்வு முகாம் என்று பெயர் மாற்றப்பட்டது. இந்தியக் குடியுரிமைச் சட்டத்தில் பதிவு முறையும், நெடுங்காலம் வாழ்ந்தோர் விண்ணப்பித்துப் பெறும் இயல்புரிமை முறையும் உண்டு. ஆனால், கடவுச்சீட்டின்றி நுழைந்தோர்க்கு அவ்விரண்டையும் 2003-ஆம் ஆண்டின் திருத்தம் அடைத்தது. குண்டுமழையில் ஓடி வந்தவர் கடவுச்சீட்டுக்கு எங்கே போவார்? 2019-இன் திருத்தம் மூன்று நாடுகளிலிருந்து வந்த ஆறு சமயத்தார்க்கு வழிவிட்டது. இலங்கை அப்பட்டியலில் இல்லை. 2025-இல், 2015 ஜனவரி 9-க்குள் வந்து பதிவுசெய்த இலங்கைத் தமிழர்க்குத் தண்டனையிலிருந்து விலக்குக் கிடைத்தது. தண்டனை நீங்குவது வேறு, குடியாவது வேறு.

குடியுரிமை வழங்குவது அரசின் விருப்பமன்றோ, அதில் வக்கீலுக்கு என்ன வேலை என்பார் உளர். வழங்குவது அரசின் விருப்பமாகுக. கோரிக்கையைச் செவிமடுப்பது விருப்பமன்று, நீதி. 2019 ஜூன் 17-இல் மதுரை உயர்நீதிமன்றக் கிளை இவ்வேறுபாட்டையே காட்டிற்று. திருச்சி முகாம்வாசிகள் 65 பேரின் வழக்கில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் குடியுரிமையைத் தாமே அளிக்கவில்லை. விண்ணப்பங்களைப் பெற்று அனுப்புமாறு ஆட்சியருக்கும், குறித்த காலத்தில் முடிவு கூறுமாறு மத்திய அரசுக்கும் ஆணையிட்டார். மற்றொன்றும் கூறுவோம். 1987 ஜூலை 1-க்கு முன் இந்தியாவில் பிறந்தவர், பெற்றோர் எந்நாட்டவராயினும், பெரும்பாலும் பிறப்பாலேயே இந்தியர். மண்டபம் முகாமில் பிறந்த பெண்மணி ஒருவர் இதனைக் காட்டிக் கடவுச்சீட்டுப் பெறுவதற்கு 2022-இல் நீதிமன்ற ஆணை தேவைப்பட்டது. உரிமை இருந்தும் அதனை எடுத்துரைப்பார் இல்லாதபோது இல்லாததற்குச் சமமாகிவிடுகிறது.

பொய்யருக்கும் இத்துணை பயன்படாதா என்னும் அச்சம் நியாயமானதே. வகீலின் வேலை சான்றைப் படைப்பதன்று. உள்ள சான்றைத் தேடி வெளிக்கொணர்வது. மறைந்த உண்மையைக் கொணர்பவர் நீதிபதிக்கே உதவுகிறார். பொய்யை எழுதிக் கொடுப்பவரோ அமானிதத்துக்கு மோசம் செய்தவராவார்.

ஆதலின் கடன் என்பதே நம் முடிபு. 1987-ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டம் இலவசத் துணைக்கு உரியோரைக் கூறுங்கால் 'குடிமகன்' என்னாது 'நபர்' என்றே கூறுகிறது. பெண்களும் சிறுவரும் வருமானக் கணக்கின்றி அதற்கு உரியர். வட்டந்தோறும் அதன் குழு உண்டு என்பதை முகாம்வாசி அறியாதிருக்கலாம். படித்த நாம் அறிவோம். இயல்புரிமை விண்ணப்பத்துக்கு இரு இந்தியக் குடிமக்கள் நற்சான்று எழுதித் தரவேண்டும். பள்ளிப் பதிவேட்டிலிருந்து பிறந்த தேதியைப் பெயர்த்துத் தருவதற்கும், அண்டை வீட்டாராய் இருந்து அறிந்ததைச் சாட்சியமாக எழுதுவதற்கும் கறுப்பு அங்கி வேண்டுவதில்லை. அறிந்தவரிடம் அறியாதவரின் காரியம் தானாகவே வந்து சேர்கிறது. அதுவும் ஒப்படைப்பே என்க.