சின்னத்திரையும் குழந்தையின் சாயலும்

குழந்தைகளோடு அமர்ந்து தொலைக்காட்சித் தொடர் காணும் பெற்றோர் பலர், தம் மனச்சான்றுக்கு ஒரு விடை வைத்திருக்கின்றனர்: "தீயவன் இறுதியில் தண்டனை பெற்றுவிடுகிறானே, பிறகென்ன?" இவ்விடை போதுமா?

1965-இல் ஆல்பர்ட் பண்டூரா என்னும் உளவியலாளர் அமெரிக்காவில் வெளியிட்ட ஆய்வொன்று இங்குக் கருதத்தக்கது. பெரிய பொம்மையொன்றை ஒருவர் அடித்து உதைக்கும் படம் மழலையர் பள்ளிக் குழந்தைகளுக்குக் காட்டப்பட்டது. சிலர் கண்ட படத்தில் அவர் பரிசு பெற்றார். சிலர் கண்டதில் தண்டிக்கப்பட்டார். தண்டனையைக் கண்டவர்கள் அச்செயலைக் குறைவாகவே செய்தனர். பெற்றோர் கூற்று மெய்தானோ எனத் தோன்றும். ஆனால், கண்டதைச் செய்து காட்டினால் பழச்சாறும் படங்களும் தருவதாகச் சொன்னதும், எல்லாரும் ஏறக்குறைய ஒரேயளவு செய்து காட்டினர். தண்டனை கையைத் தடுத்திருந்தது. உள்ளே பதிந்தது பதிந்தபடியே இருந்தது.

செயலினும் ஆழமான ஓரிடம் உண்டு. பிஜி நாட்டின் நாட்ரோகா பகுதிக்கு 1995-இல் தொலைக்காட்சி வந்தது. திரண்ட உடலே அழகும் நலமும் எனப் போற்றிய மக்கள் அவர்கள். ஆன் பெக்கர் என்னும் அமெரிக்க ஆய்வாளர் அங்குப் பள்ளி மாணவியரிடையே ஆராய்ந்தார். உடல் இளைக்க வேண்டித் தாமே வாந்தியெடுத்தவர் 1995-இல் ஒருவருமில்லை. 1998-இல் நூற்றுக்கு ஏறத்தாழ 11 பேர். தொடர்களில் கண்ட மெலிந்த மேனாட்டுப் பெண்களைப்போல் ஆக விழைந்ததாக மாணவியர் கூறினர். இங்கே தண்டிக்கப்பட வேண்டிய தீயவர் யார்?

சிறுவரை ஒப்புரவு அருட்சாதனத்திற்கு ஆயத்தம் செய்கையில் பொய், களவு, கீழ்ப்படியாமை பற்றிக் கேட்கிறோம். தன் முகத்தைத் தானே வெறுப்பது அப்பட்டியலில் இல்லை. (அது குழந்தையின் பாவமும் அன்று, பிறகு யாருடையது?) மனிதர் இறைச்சாயலில் படைக்கப்பட்டனர் என்கிறது தொடக்கநூல். அச்சாயல் தோலின் நிறமோ உடலின் வடிவோ அன்று என இறையியல் விளக்கும், உண்மையே. ஆயினும் எட்டு வயதுச் சிறுமிக்கு அவள் முகமே அவள். அதைக் குறையெனக் கருதுபவள், படைத்தவருக்கு எதைச் சொல்லி நன்றி கூறுவாள்?

தீய காட்சிகள் இல்லத்தினுள் நுழையாமல் காக்கும் கடமையை 1963-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் பெற்றோரிடம் ஒப்படைத்தது. காவல் நிற்கும் நாம் என்ன பேசுகிறோம்? விடுமுறை கழித்து வீடு திரும்பும் மகளை, "ஏன் இப்படிக் கறுத்துப்போனாய்?" என்று வரவேற்பது தொலைக்காட்சி அன்று. பூசினாற்போல் இருக்கிறாய் என்று பாட்டிமார் கன்னம் வழித்துச் சொன்ன சொல்லை, இன்று நம் வீட்டில் அவளுக்கு யார் சொல்கிறார்கள்?