பெயர் சொல்லாத கூட்டம்

1993இல் என் ராத்தா தலைப்பிரசவத்தில் மௌத்தானார். பிள்ளை பிழைத்தது. இரத்தப்போக்கு நிற்கவில்லை என்றார்கள். உம்மா கண்மூடும்வரை ஒரே கேள்வியைத்தான் கேட்டார்: “ஆரு செஞ்ச பிழை?” ஆனால் மையித்தை வெட்ட வேண்டாமென்று வைத்தியசாலை வாசலில் அழுது மன்றாடி, பிரேதப் பரிசோதனையைத் தவிர்த்து, அன்றைக்கே அடக்கியதும் நாங்கள்தான். எங்களுக்கு ஒரு பெயர் தேவைப்பட்டது, காரணம் தேவைப்படவில்லை. இதை ஒப்புக்கொள்ள எனக்குப் பல வருடங்கள் எடுத்தன.

சில வாரங்களில் மருத்துவ மாது வீட்டுக்கு வந்தார். வலி எத்தனை மணிக்குத் தொடங்கியது, வாகனம் எப்போது கிடைத்தது என்றெல்லாம் கேட்டு எழுதினார். பழியை எங்கள் தலையில் போட வந்திருப்பதாக வாப்பா கோபப்பட்டார். நான் தாதியான பிறகுதான் விசயம் விளங்கியது. 1980களிலிருந்து நம் நாட்டில் தாய் மரணங்கள் அறிவிக்கப்பட்டு, வீட்டிலும் வைத்தியசாலையிலும் நடந்தவை ஆராயப்பட்டு, குடும்ப சுகாதாரப் பணியகம்வரை போகின்றன. 1930களில் ஒரு லட்சம் பிறப்புகளுக்கு 2000க்கு மேல் இருந்த தாய் மரணங்கள் பின்னர் 40க்கும் கீழே இறங்கின. இறக்கத்தின் பெரும்பகுதி மருத்துவ மாதருக்கும் இலவச வைத்தியத்துக்கும் உரியது. கடைசிப் படிகளில் இந்த மீளாய்வுகளுக்கும் பங்குண்டு.

அத்தகைய கூட்டமொன்றில் 2006இல் நான் இருந்தேன். ராத்தாவைப் போலவே போன இன்னொருத்தி. குற்றவாளியைத் தேடுவதில்லை, பெயர் சொல்வதில்லை என்பது விதி. ஆனால் விதியால் வாய் திறப்பதில்லை. நிபுணர் இருக்கும்போது தாதி பேசுவாளா? அதிலும் கூட்டம் ஆங்கிலத்தில். நடந்தது நம் தமிழில். (மொழியும் நோயாளியின் பாதுகாப்பில் ஒரு பகுதி என்று யாரும் எழுதி வைக்கவில்லை.) நீண்ட மௌனத்துக்குப் பின் மகப்பேற்று நிபுணரே சொன்னார்: “முதல் அழைப்பு வந்தபோது நான் உடனே புறப்பட்டிருக்க வேண்டும்.” அதன் பிறகே இளைய தாதி பேசினாள். இரத்தம் கேட்க வைத்தியரின் கையெழுத்து வேண்டுமென்று காத்திருந்ததையும், மருந்துகள் மூன்று அலுமாரிகளில் சிதறிக் கிடந்ததையும் சொன்னாள். அடுத்த மாதம் பிரசவ அறையில் சிவப்புப் பெட்டியொன்று வந்தது. ஊசி, குழாய், மருந்து எல்லாம் அதற்குள். இரத்த வங்கியை யாரும் அழைக்கலாம் என்று சுவரில் எழுதி ஒட்டினார்கள்.

பெயரை மறைப்பது நீதியா என்று உம்மாவின் பக்கம் நின்று நான் கேட்டதுண்டு. 2001இல் இங்கிலாந்தின் நொட்டிங்ஹாமில் வெய்ன் ஜோவெற் என்ற 18 வயது இளைஞனுக்கு, நாளத்தில் ஏற்ற வேண்டிய வின்கிறிஸ்ரின் மருந்தை முள்ளந்தண்டில் ஏற்றிவிட்டார்கள். அவன் இறந்தான். ஒரு வைத்தியர் சிறை சென்றார். ஆனால் அதே பிழை அதற்கு முன்பும் அந்நாட்டில் பலரைக் கொன்றிருந்தது. பிழைகள் பல கைகள் வழியே கோர்வையாக வந்ததை விசாரணை காட்டியது. 2007இல் உலக சுகாதார நிறுவனம், அந்த மருந்தை ஊசிக்குழலில் அல்லாமல் சிறு பையில் கரைத்தே கொடுக்கும்படி பரிந்துரைத்தது. பையை முள்ளந்தண்டில் ஏற்ற யாருக்கும் கை வராது. சிறைத்தண்டனையால் அந்தப் பையைக் கண்டுபிடித்திருக்க முடியாது.

ஆகவே கூட்டத்துக்குள் பெயர் வேண்டாம் என்பதே என் கட்சி. வேண்டுமென்றே செய்ததும், குடித்துவிட்டு வந்ததும் வேறு கணக்கு; அவற்றுக்கு வேறு கதவு இருக்க வேண்டும். ஆனால் எனக்கு இன்னும் உறுத்துவது, அந்தக் கூட்டத்தின் கதவு குடும்பத்துக்கும் மூடியிருப்பது. எங்கள் வீட்டில் விபரம் கேட்டு எழுதிப் போனவர்கள் திரும்பி வந்து எதையும் சொல்லவில்லை. அந்த எழுத்து எங்காவது ஒரு பெட்டியாக மாறியிருந்தால் உம்மா அறிந்திருக்க வேண்டாமா?

2006இல் இறந்தவளின் கணவர் சில மாதங்கள் கழித்து, கைக்குழந்தையோடு விடுதிக்கு வந்தார். “என்ன நடந்ததெண்டு சொல்லுங்க மிஸ்” என்றார். சொல்ல எனக்கு அனுமதி இல்லை. சிவப்புப் பெட்டியைக் கொண்டுவந்து திறந்து காட்டினேன். அது அன்றைக்கு இங்கே இருக்கவில்லை என்று மட்டும் சொன்னேன். வெகுநேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, அன்றிரவு கடமையில் இருந்தது யார் என்று கேட்டார்.

நான் பெட்டியை மூடினேன்.